பத்தொன்பதாம் பக்கம்

டெல்ஃபியா கோகர் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
முப்பத்தோரு வருஷம், ஒரே பள்ளத்தாக்கு,
ஒரே ஒரு புத்தகம்.
வட்டாரச் செய்தித்தாளின் அச்சகத்தில் முந்நூறு பிரதி,
சாம்பல் அட்டை, முதுகில் இரண்டு கம்பி.
எந்த நூலகப் பட்டியலிலும் இல்லை.
என்னிடம் பதினொன்று இருக்கின்றன.

நான் டயாலிசிஸ் இயந்திரம் பழுது பார்ப்பவன்.
மேற்கு வர்ஜீனியாவில் ஆறு கவுண்டி என் பொறுப்பு.
வேனில் ஒரு பக்கம் பம்புகள், வடிகட்டிகள்,
மறுபக்கம் வழியில் அகப்பட்டவை:
தேவாலயத்து அடித்தள விற்பனையில் ஒன்று,
தீவனக் கடையில் பூனை படுத்திருந்த பெட்டியில் ஒன்று,
இறந்தவர் வீட்டு ஏலத்தில்
ஊறுகாய்க் குறிப்புகளோடு சேர்த்துக் கட்டித் தந்த ஒன்று.
மலையைக் கெல்லி எலி பிடிக்கிற வேலை என்பாள் தமயந்தி.
எலி கையெழுத்துப் போட்டிருக்கிறதே என்பேன்.

எல்லாப் பிரதியிலும் போட்டிருக்கிறாள்,
கடைசி எழுத்தில் கியர் மாற்றுவதுபோல் ஓர் இழுப்போடு.
ஆனால் முதல் பக்கத்தில் இல்லை.
பத்தொன்பதில்.
அங்கே ஒரு வரி
‘மலை எனக்கு’ என்று நின்றுவிடும்.
பிறகு ஒரு சொல் அளவுக்கு வெற்றிடம்.
அதில் நீல மையில் அவள் எழுதிய சொல்,
கீழே பெயர்.

அச்சுப்பிழையைத் திருத்தியிருக்கிறாள் என்று நினைத்தேன்,
இரண்டாவது பிரதி கிடைக்கும்வரை.
ஒன்றில் ‘சுவர்’. ஒன்றில் ‘கடன்’.
ஒன்றில் ‘முதுகு’.
‘ஞாயிற்றுக்கிழமை’ இடம் போதாமல்
ஓரத்தில் வளைந்து இறங்கியிருந்தது.
பிட்ஸ்பர்க் வியாபாரியிடம்
எண்பத்தைந்து டாலர் கொடுத்து வாங்கியதில்
‘மாமியார்’.
முந்நூறு முறை மனசு மாறியவள் என்று
எனக்கே எல்லாம் விளங்கிவிட்ட கர்வத்தில்
குறிப்பேடு போட்டேன்:
சொல், ஊர், விலை, மை வெளிறிய அளவு.

போன மார்ச்சில் நான்காம் நாற்காலியின் இயந்திரம்
காரணமில்லாமல் அலறிக்கொண்டிருந்தது.
ஐந்தாம் நாற்காலியில் வில்மா ஷிஃப்லெட்,
இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி.
என் கருவிப்பெட்டியில் சாம்பல் அட்டையைக் கண்டு
குழாய் இல்லாத கையை நீட்டினார்.
நேராகப் பத்தொன்பதைத் திறந்தார்.
சிரித்ததில் போர்வை நழுவி விழுந்தது.
“இது என் சொல். அப்போது கல்யாணமாகி மூன்று வாரம்.”

டெல்ஃபியா யாருக்கும் சும்மா விற்றதில்லையாம்.
பேருந்துப் படியில் உட்காரவைத்து
மலை உனக்கு என்ன என்று கேட்பாளாம்.
சொன்னதை அப்படியே எழுதுவாள்.
அழகுக்குச் சொன்னால்
பேனாவை மூடிவிடுவாள்.
‘கடன்’ யாரென்று உடனே சொன்னார் வில்மா:
சுரங்கம் மூடிய வருஷம் வீட்டை இழந்த டாட்ரில்.
‘முதுகு’?
விட்டத்தைப் பார்த்து வெகுநேரம் யோசித்தார்.
தெரியவில்லை என்றார்.

“திருப்பித் தரட்டுமா?”
கேட்டுவிட்டேன். எண்பத்தைந்து டாலர்
தொண்டையில் உருண்டது.
“வேண்டாம். நானேதான் அதைக்
கால் டாலருக்கு முற்றத்தில் வைத்து விற்றேன்.
அந்த அம்மா போய்ச் சேர்ந்தாள், கடைசியில் நல்லவள்தான்.
இப்போது என்னிடம் வேறு சொல் இருக்கிறது.”
என்னவென்று கேட்கவில்லை நான்.
நான் யார், பேருந்தா ஓட்டினேன்?

பன்னிரண்டாவது நேற்று கிடைத்தது.
கையெழுத்து இல்லை, அச்சு விடுபட்டிருக்கிறது,
ஆகவே நான்கு டாலர் என்றான் கடைக்காரன்.
பத்தொன்பதில் வெறும் வெள்ளை.
இதை வாங்க யாரும்
அந்தப் படியில் உட்காரவில்லை.

ஆற்றுப் பாலத்தருகே வேனை நிறுத்திப்
பேனாவைத் திறந்தேன்.
‘மலைப்பு’ என்று வந்தது முதலில்,
கேட்காமலே தமிழ் கையில் வைக்கும் சில்லறை.
டெல்ஃபியா பேனா மூடும் சத்தம் கேட்டது.
இன்னொன்று வந்தது. அதுவும் அழகுக்கு.
முன்கண்ணாடியில் மலை
துடைப்பான் தள்ளிய தண்ணீரில்
கலைந்து, திரும்ப வந்து நின்றது.

குறிப்பேட்டை எடுத்தேன்.
பன்னிரண்டு. ஊர், எழுதினேன். விலை, எழுதினேன்.
சொல் என்ற கட்டத்தில்
ஒரு கோடு இழுத்துவிடலாம்தான்.
இழுக்கக் கை வரவில்லை.